பொன்னாடை யாருக்கு?



மேடையில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சிலம்பக் கூடத்தின் விழாவில் மரியாதையைப் பற்றிப் பேசு என்று அழைத்திருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் சங்கடமாகவும் பேச வேண்டியிருக்கிறது.

மரியாதை என்ற பெயரில் நம் ஊர்களில் என்னென்ன நடந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. காலில் கிடந்த செருப்பு கைக்கு ஏறியது. பேரன் வயதுப் பையன் 'டேய்' என்பான், கிழவர் 'சாமி' என்று கையைக் கட்டி நிற்பார். அடிக்குப் பயந்து வளைந்த முதுகு அது. அந்த முதுகை நிமிர்த்தத்தான் 1925இல் சுயமரியாதை இயக்கம் பிறந்தது. 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் கூடியவர்கள் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை விட்டொழிக்கச் சொன்னார்கள்.

கூடத்தில் நீங்கள் குனிவது வேறு. மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சலாம் வரிசை போடுகிறீர்கள். எதிரில் நிற்பவனும் போடுகிறான். இரண்டு பேர் கையிலும் கம்பு இருக்கிறது, இரண்டு பேராலும் மண்டையை உடைக்க முடியும். முடிந்தும் உடைக்க மாட்டேன் என்று ஒருவருக்கொருவர் கொடுக்கிற வாக்கு அந்த வணக்கம். இதில் மேல் கீழ் எங்கே வந்தது?

ஜப்பானியர்கள் இதை இன்னும் கறாராக வைத்திருக்கிறார்கள். 1882இல் ஜூடோவுக்குக் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ தொழிலால் ஒரு வாத்தியார். தானும் பிறனும் சேர்ந்தே உயர வேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. ஜூடோவில் முதல் பாடம் எறிவது இல்லை, விழுவது. எறியப் பழகுகிறவனுக்காக இன்னொருவன் தன் உடம்பையே கொடுத்து மறுபடி மறுபடி விழுகிறான். கழுத்துப் பிடியில் சிக்கியவன் கையால் தட்டினால் அந்தக் கணமே பிடியை விட்டாக வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால்கூட அவன் ஜூடோக்காரன் இல்லை, ரவுடி.

1964, டோக்கியோ ஒலிம்பிக். ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்த ஆண்டு. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில், நிப்பான் புடோகான் அரங்கில், ஜப்பானின் காமினாகா அகியோவை ஹாலந்துக்காரர் ஆன்டன் கீசிங்க் தரையோடு அழுத்தி வென்றார். ஆறரை அடி மனிதர். அரங்கம் முழுக்க ஜப்பானியர்கள், பேச்சு மூச்சில்லை. ஹாலந்து நாட்டு ரசிகர்கள் குதித்துக்கொண்டு களத்துக்குள் ஓடி வந்தார்கள். கீசிங்க் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். தோற்றவருக்கு வணக்கம் செலுத்தி முடிக்கும்வரை அங்கே கொண்டாட்டத்துக்கு இடமில்லை. நம் ஊரில் வென்றவன் செய்கிற ஆர்ப்பாட்டத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "கூடத்துக்கு வந்ததிலிருந்து பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறான்" என்று மகிழ்கிறீர்கள். கேட்கட்டும். ஆனால் வாத்தியாரைக் கண்டால் கைகட்டி நிற்கிற பிள்ளை, தெரு பெருக்க வருகிற அம்மாவை எப்படிக் கூப்பிடுகிறான்? வீட்டில் தங்கையிடம் எந்தக் குரலில் பேசுகிறான்? அதைப் பாருங்கள். பிரம்பைக் காட்டிப் பணிய வைக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பிள்ளை கற்றுக்கொண்டு வருவது பயம் மட்டும்தான். பிறகு தனக்குக் கீழே ஒருவன் கிடைத்ததும் அதையே அவனிடம் திருப்பிக் காட்டுவான்.

சிலம்பத்துக்கு இன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையே கிடைக்கிறது. மகிழ்ச்சி, சான்றிதழ் வாங்குங்கள். ஆனால் நான் சொல்லும் மரியாதைக்குச் சான்றிதழ் கிடையாது.

இந்தக் கூடத்தில் நேற்றுச் சேர்ந்த குழந்தைக்கு எதிரில் கம்பைத் தாழ்த்திப் பிடித்து, அது தாறுமாறாக வீசுகிற வீச்சை விரல் முட்டியில் வாங்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல் "இன்னொரு தடவை வீசும்மா" என்று சொல்கிற மூத்த மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் அழைப்பிதழில் இல்லை, மேடையிலும் இல்லை. அதோ, நாற்காலி தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். விழாக் குழுவினரிடம் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த ஆண்டு முதல் பொன்னாடையை அவர்களுக்குப் போர்த்துங்கள். சிறப்பு விருந்தினர்கள் நாங்கள் காத்திருக்கிறோம்.