காய்ச்சலும் பாய்ச்சலும்



தறிக்குழியில் கால் வைத்து உழைத்தவர்களின் பிள்ளைகள் பலர் இங்கே பட்டம் பெற அமர்ந்திருக்கிறீர்கள். குழித்தறியில் உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே இருட்டு. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, இருட்டான மூலையில் ஒதுங்குவது. கையில் நாடா இருக்கும்போது கணுக்காலில் கடிக்கும் கொசுவை எப்படி அடிப்பது? 2006-இல் தமிழகத்தில் சிக்குன்குனியா பரவியது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். மூட்டு பிடித்துக்கொண்டால் மிதி மிதிக்க முடியாது. தறி நின்றால் கூலியும் நிற்கும்.

சிக்குன்குனியா புதிய காய்ச்சல் அல்ல. 1964-இலேயே சென்னையிலும் வேலூரிலும் பரவி, பிறகு அடங்கியது. நாம்தான் மறந்துவிட்டோம்.

பாலாற்றங்கரையில் இருக்கும் அதே வேலூர் வட்டாரத்தில்தான், 1955-இல், இந்தியாவில் முதன்முதலாக ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அடையாளம் காணப்பட்டது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வலிப்பு, மயக்கம்; பிழைத்தவர்களிலும் பலருக்கு வாழ்நாள் பாதிப்பு. கொக்கிலும் பன்றியிலும் இருக்கும் வைரஸை நெல் வயலில் வளரும் க்யூலெக்ஸ் கொசு மனிதருக்குக் கொண்டுவருகிறது.

டாக்டர் ரேச்சல் ரூபனின் பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? வேலூர் அடங்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கொசுக்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் 1971-இல் வெளிவந்தன. எந்தக் கொசு, எந்தத் தண்ணீரில், எந்தக் காலத்தில் என்பதே அவர் தேடிய கேள்வி. பின்னாளில் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்தார். அங்கே அவரும் ஆய்வாளர் இராஜேந்திரனும் வயலுக்கு விட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் கொசு குறையுமா என்று ஆராய்ந்தார்கள். நம் உழவர்கள் அதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். முட்டை பொரிந்து புழு கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். அதற்குள் வயல் காய்ந்தால் புழு செத்துவிடும். ஒருவர் வயல் மட்டும் காய்ந்தால் போதாது, பாசனப் பரப்பே சேர்ந்து காய வேண்டும். விஞ்ஞானி வயலில் இறங்கி, விவசாயியோடு பேசினால்தான் இது நடக்கும். இதைவிட உயர்ந்த ஆராய்ச்சி எனக்குத் தெரியாது.

எந்தக் கொசு, எந்தத் தண்ணீரில் என்ற அதே கேள்வியை டெங்குவிலும் கேட்க வேண்டும். நம் ஊரில் டெங்கு வந்ததும் பலர் கோயில் குளத்தைக் குறை சொல்கிறார்கள். மீன் வாழும் குளம் ஏடிஸ் கொசுவுக்கு உகந்த இடம் அல்ல. அந்தக் கொசு வளர்வது நம் சிமெண்ட் தொட்டியிலும் மூடாத பேரலிலும், மழைநீர் தேங்கிய டயரிலும்தான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும்.

கையில் டார்ச்சும் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்துமாக நகராட்சி, மாநகராட்சிப் பெண் பணியாளர்கள் வீடு வீடாக வந்து தொட்டிக்குள் குனிந்து பார்க்கிறார்கள். அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போங்கள். வாரம் ஒருமுறை உங்கள் வீட்டுத் தொட்டியை நீங்களே தேய்த்துக் கழுவுங்கள்.