சர்க்கரை நோயாளிக்கும் ஒரு துண்டு கேக்

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று நான் உங்களிடம் கேக் பற்றிப் பேசப் போகிறேன். கேக் என்றதும் உரக்கடையில் மூட்டையாக விற்கிற வேப்பம் பிண்ணாக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். பேரப்பிள்ளையின் பிறந்த நாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வெட்டுகிறோமே, அந்தக் கேக்தான். 'விவசாய அதிகாரிக்கு இதில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. காரணம், அந்தக் கேக்குக்கு வேண்டிய மணிலாவும் கேழ்வரகும் உங்கள் நிலத்தில் விளைகின்றன. அதை வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் சர்க்கரை நோயாளியும் உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறார்.

2023-ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இது பட்டணத்து நோய், பணக்காரர் நோய் என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது.

கருப்பட்டி செய்த வேலை

திருவண்ணாமலை மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். மூன்று ஏக்கர் மானாவாரி. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பேத்தியின் பிறந்த நாளுக்கு அவருடைய மருமகள், மாமனாரும் சாப்பிட வேண்டுமே என்ற நல்ல எண்ணத்தில், சீனி போடாமல் கருப்பட்டியும் கேழ்வரகு மாவும் போட்டுக் கேக் செய்தார். பெரியவர் ஆசை தீர நான்கு துண்டு சாப்பிட்டார். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது.

"இன்னா சார் இது? சக்கரையே போடல, கேவுரு மாவுதான்னு சொல்லிச்சே மருமவ!" என்று என்னிடம் கேட்டார்.

"அய்யா, மருமகள் பொய் சொல்லவில்லை. கருப்பட்டிதான் உங்களை ஏமாற்றிவிட்டது" என்றேன்.

இந்த இடத்தில்தான் நம்மில் பலரும் தவறு செய்கிறோம். வெல்லத்தில் 100 கிராமுக்குச் சுமார் 85 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். கருப்பட்டியும் அப்படியே. இரும்புச் சத்து கொஞ்சம் கூடுதல் என்பதற்காக இரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை குறைந்துவிடாது. தேனும் இதற்கு விலக்கல்ல.

கேழ்வரகு நல்ல தானியம், சந்தேகமில்லை. 100 கிராமில் 350 மில்லி கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் மாவுச்சத்தும் சுமார் 67 கிராம் இருக்கிறதே! தீட்டிய அரிசியில் 78 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். அதிலும் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சீக்கிரமாகவே இரத்தத்தில் ஏறிவிடும். 'கேழ்வரகு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம்' என்பது தவறு. எந்தத் தானியம் என்பதோடு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும்.

மணிலாதான் கைகொடுக்கும்

அப்படியானால் எதில் கேக் செய்வது? மாவுச்சத்து குறைந்த பொருளைப் பாதிக்குமேல் சேர்க்க வேண்டும். அது நம் மணிலாக் கொட்டை. மல்லாட்டை என்றும், வேர்க்கடலை என்றும் சொல்கிறோமே, அதுதான். 100 கிராம் பருப்பில் மாவுச்சத்து 17 கிராம்தான். புரதம் 23 கிராமுக்கு மேல், நார்ச்சத்து 10 கிராம்.

செய்முறையைக் குறித்துக்கொள்ளுங்கள்:

வறுத்துத் தோல் நீக்கிய மணிலாப் பருப்பு 200 கிராம், கேழ்வரகு மாவு 100 கிராம், முட்டை 4, கெட்டித் தயிர் அரை டம்ளர், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 60 கிராம், கடலெண்ணெய் 2 மேசைக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு.

பேரீச்சம்பழத்தை வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து மசித்துக்கொள்ளுங்கள். இனிப்புக்கு இதுதான். பருப்பைக் கேழ்வரகு மாவோடு சேர்த்து மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டிப் பொடி செய்யுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். மைதாவில் உள்ள பசைச் சத்து இந்த இரண்டிலும் இல்லை. ஆகவே கேக்கைக் கட்டிப் பிடிப்பது முட்டைதான். முட்டையை நுரை பொங்க, கை வலிக்க அடிக்க வேண்டும். பிறகு தயிர், எண்ணெய், பழ விழுது, பொடி, சோடா எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்குங்கள். கலக்கியதும் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் சோடாவின் வேகம் போய்விடும்.

கேக் சுடும் அடுப்பு நம் வீட்டில் ஏது? கனமான அடிப்பாகமுள்ள பெரிய பாத்திரத்தில் கழுவிக் காயவைத்த மணலை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே ஒரு பிரிமனை போன்ற தாங்கியை வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடேற்றுங்கள். எண்ணெய் தடவி மாவு தூவிய பாத்திரத்தில் கலவையை முக்கால் அளவுக்கு மேற்படாமல் ஊற்றி, உள்ளே வைத்து மூடிவிடுங்கள். சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். குக்கரில் வைப்பவர்கள் ரப்பர் வளையத்தையும் குண்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் விடக்கூடாது. ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். நன்றாக ஆறிய பிறகு 16 துண்டு போடுங்கள்.

கணக்குப் பார்ப்போம்

சாகுபடிச் செலவுக்குக் கணக்குப் போடுவதுபோல் இதற்கும் போடுவோம். கால் கிலோ மைதா, கால் கிலோ சீனி போட்ட கேக்கை 16 துண்டாக்கினால் துண்டுக்குச் சுமார் 27 கிராம் மாவுச்சத்து. நம் கேக்கில் 9 அல்லது 10 கிராம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 'அப்படியானால் மூன்று துண்டு சாப்பிடலாமா?' என்று கேட்டால், லாபம் கைக்கு வருமுன் செலவழித்த கதைதான். ஒரு துண்டு, அதுவும் சாப்பாட்டோடு, அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டு. சாப்பிட்ட 2 மணி நேரம் கழித்து ஒருமுறை சர்க்கரையைச் சோதித்துப் பார்த்தால் உங்கள் உடம்பே பதில் சொல்லும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும். மணிலா ஒவ்வாதவர்களுக்கு இது ஆகாது.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பருப்பைப் பற்றியது. சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது எதையும் சேர்க்காதீர்கள். பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் சுட்டாலும் அது முழுவதுமாகப் போகாது. அறுவடையான காய்களை 8 சத ஈரத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்துச் சேமியுங்கள். சந்தைக்கு நல்லதை அனுப்பிவிட்டு வீட்டுக்குச் சொத்தையை வைக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, இந்தக் கேக்கில் சீனி இல்லாததால் சீக்கிரம் கெடும். செய்த அன்றும் மறுநாளும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

மூன்றாவது, மிகவும் முக்கியமானது. ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ஏர் ஓட்டவோ களை எடுக்கவோ போனவருக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, தலை சுற்றினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது இந்தக் கேக்கைக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்; பயன்படாது. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குச் சொல்லுங்கள். வயலுக்குப் போகும்போது வெற்றிலைப் பையில் ஒரு பொட்டலம் சீனியும் இருக்கட்டும்.

அந்தப் பெரியவர் கதையை முடிக்கவில்லையே! அவருடைய காலில் கருவேல முள் தைத்தது அவருக்கே தெரியவில்லை. சர்க்கரை நரம்பை மரக்கச் செய்திருந்தது. புண் ஆறாமல் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது செருப்பில்லாமல் வரப்பில் இறங்குவதில்லை. தினமும் இரவில் பாதத்தைப் பார்த்துக்கொள்கிறார். பேத்தியின் அடுத்த பிறந்த நாளுக்கு மருமகள் மணிலாக் கேக் செய்தார். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "சீனி கேக்கு மாதிரி வராது சார். ஆனா கூட உக்காந்து தின்ன முடியுதே, அது போதும்" என்றார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் தனியே திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அடுத்த விசேஷத்துக்கு அவரையும் உள்ளே கூப்பிடுங்கள். கொடுங்கள், அளவோடு கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.