தலையெழுத்தும் நம்ம கையெழுத்தும்

நான் பத்தாவது வரை படித்தவள். மேடைப் பேச்சு பழக்கமில்லை. மனசில் பட்டதைச் சொல்கிறேன்.

நம்மில் ஒருத்திக்குத் தலைவலி, ராத்திரி தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றால் மாத்திரை வாங்கிப் போடுகிறோம். கூடவே "என்ன செய்ய, என் தலையெழுத்து" என்றும் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

தலையெழுத்தே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. என் மாமியார் மூத்த பிள்ளையை இளம் வயசிலேயே பறிகொடுத்தவர். "அவன் வாங்கி வந்த வரம் அவ்வளவுதான்" என்று சொல்லிச் சொல்லித்தான் மனசை ஆற்றிக்கொண்டார். அந்த இடத்தில் அந்த வார்த்தை மருந்து. அதைப் பிடுங்க நமக்கு உரிமை இல்லை.

ஆனால் புருஷன் குடித்துவிட்டு அடிப்பதற்கும் அதே வார்த்தை, கந்துவட்டிக்கும் அதே வார்த்தை, பெண்பிள்ளை படிப்பை எட்டாவதோடு நிறுத்துவதற்கும் அதே வார்த்தை என்றால் எப்படி? செய்தது மனுசன், பழி பிரம்மன் மேலயா?

1990களின் தொடக்கத்தில் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது உங்களில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க அம்மாவும் அதில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பளை சைக்கிளிலேயே பழகினாங்க. கேலி பேசாத வாய் இல்லை. சைக்கிள் வந்ததால் நாங்கள் பணக்காரர் ஆகிவிடவில்லை. தண்ணீர்க் குழாய் பக்கத்தில் வந்துவிடவும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக எங்க மாமா வருகிற வரை திண்ணையில் காத்துக்கிடந்த அம்மா, அப்புறம் "போகணும்னா போவேன்" என்றாங்க. அந்தத் தெம்பு அவங்க முகத்திலேயே தெரியும்.

எங்கள் குழுவில் ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். இரண்டு வருசம் வாயே திறக்காமல் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் போடுவாள். கடன் எவ்வளவு வேணும்னு கேட்டால் "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்பாள். ஒருநாள் அவளாகவே ஐயாயிரம் கேட்டாள். ஆட்டுக்குட்டி இரண்டு வாங்கினாள். ஒன்று செத்துப்போச்சு. இனி அவள் அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்தோம். அவளோ, "தடுப்பூசி போட்டிருந்தா பிழைச்சிருக்குமா அக்கா?" என்று கேட்டாள். அழுத கண்ணோடுதான் கேட்டாள். ஆனால் கேட்டாள்! இப்போது ஐந்து ஆடு நிற்கிறது. தலைவலி அடியோடு போய்விட்டது என்று கதைவிட மாட்டேன். ராத்திரி தூங்குகிறேன் என்று அவளே சொன்னாள்.

இன்னொன்றும் சொல்லணும். "எல்லாம் உன் கையில்தான் இருக்கு" என்று கஷ்டப்படுகிறவளைப் பார்த்துச் சொல்வதும் கொடுமைதான். நிலம் அவள் பெயரில் இல்லை, கூலி ஆம்பளைக்குப் பாதி, அப்புறம் எங்கே எல்லாம் அவள் கையில்? முடிவு அவளுடையதாக இருக்கட்டும். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் குழுவில் மற்றவர்கள் இருக்கிறோம். அடி தாங்க முடியாதவளுக்கு 181 மகளிர் உதவி எண் இருக்கிறது. மனசு சரியில்லாமல் வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் 14416-க்குப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். காசு கிடையாது. இரண்டு எண்ணையும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பும் தவணையும் வசூலித்த பிறகு ஐந்து நிமிசம் ஒதுக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வாரம் தானாக எடுத்த ஒரு முடிவை ஒவ்வொருத்தரும் சொல்லணும். என்ன குழம்பு வைக்கிறது என்பது கணக்கில் சேராது! எங்கள் குழுவில் முதல் ஆளாக நான் சொல்கிறேன்.