மூணு கதவு தட்டலும் ஒரு குடியாத்தம் ரோடும்

இந்த வாரம் எங்க பக்கத்துக் கதை. நான் இருக்கிற கனகம்மாசத்திரம், சென்னையில இருந்து திருப்பதி போற ரோட்டுல திருத்தணிக்கு முன்னாடி வரும். ஊர் பேர்லயே சத்திரம் இருக்கு. ஆடிக் கிருத்திகைக்கு காவடி எடுத்துப் போறவங்களுக்கு வழியெல்லாம் மோரும் சாப்பாடும் கொடுக்கறதை இந்தப் பக்கத்துல யாரும் பார்த்திருப்பீங்க. பக்தி கோயிலுக்குள்ள மட்டும் நிக்காம ரோட்டோரத்துக்கு வர்றது இங்க புதுசில்ல. இன்னிக்குப் பேசப்போற டாக்டர் வேற மதம், வேற நாடு. ஆனா அவங்களும் ரோட்டோரத்துல வந்து நின்னவங்கதான். இங்கிருந்து சோளிங்கர், ராணிப்பேட்டை வழியா போனா வேலூர். அங்க சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர்.

அமெரிக்கர்னாலும் அவங்க பிறந்தது நம்ம ராணிப்பேட்டையில, 1870-ல. தாத்தா, அப்பா ரெண்டு பேருமே மிஷனரி டாக்டர்கள். ஐடாவுக்கு இந்த வாழ்க்கையே வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு அமெரிக்காவுல இருந்து திண்டிவனம் வந்தாங்க. கொஞ்ச நாள் இருந்துட்டுத் திரும்பிடணும்கிறதுதான் எண்ணம்.

அங்கதான் அந்த ராத்திரி. ஒரு பிராமண இளைஞர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவம் சிக்கலா இருக்கு, நீங்க வரணும்னார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்கன்னு ஐடா சொன்னாங்க. வெளி ஆம்பளை பிரசவம் பார்க்கக் கூடாதுன்னு அவர் திரும்பிப் போயிட்டார். அடுத்து ஒரு முஸ்லிம் குடும்பத்தவர், அதுக்கப்புறம் இன்னொரு இந்துக் குடும்பத்தவர். அதே வேண்டுகோள், அதே பதில். விடியறதுக்குள்ள மூணு பெண்களும் இறந்துட்டாங்க.

இந்தக் கதையைக் கேட்டதும், 'எவ்வளவு மூடநம்பிக்கை பாருங்க'ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். கொஞ்சம் நிப்போம். அந்த மூணு கணவர்களும் கண்டுக்காம வீட்டுல உக்காந்திருக்கல. ராத்திரியில கிளம்பி சரியான வீட்டுக்குத்தான் வந்தாங்க. டாக்டரும் அதே வீட்டுலதான் இருந்தார். தூரம் பிரச்சினை இல்ல, மருந்தும் பிரச்சினை இல்ல. அந்தப் பெண்கள் இருந்த அறைக்குள்ள நுழையக்கூடிய ஒரு டாக்டர்தான் இல்ல. நான் சாஃப்ட்வேர் வேலையில தினமும் பார்க்கற விஷயம் இது: சர்வர் ஓடிட்டுதான் இருக்கும், ஆனா யூசருக்கு எதுவும் போய்ச் சேராது. டாஷ்போர்டு மட்டும் பச்சையா இருக்கும்.

ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படிச்சாங்க. 1899-ல கார்னெல் மருத்துவக் கல்லூரியில பட்டம். 1900-ல வேலூர்ல வீட்டுக்குள்ளயே ஒரே ஒரு படுக்கை போட்டு ஆரம்பம். 1902-ல 40 படுக்கையோட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி. சாதாரணமா கதை இங்க முடிஞ்சிடும்: பெண் டாக்டர் வந்தாச்சு, கட்டடம் வந்தாச்சு, சுபம். ஆனா இப்போ வேற பிரச்சினை. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவங்க கிராமங்கள்ல இருந்தாங்க. ஒரு நாள் கூலியை விட்டுட்டு, மாட்டு வண்டி பிடிச்சு யார் வருவா?

அதனால ஐடாவே கிளம்பினாங்க. வேலூர்ல இருந்து குடியாத்தம் போற ரோடு, முப்பது கிலோமீட்டருக்கும் மேல. வழியில மரத்தடிகள்ல வண்டி நிக்கும். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, குழந்தைகளுக்குப் பார்வை, தொழுநோயாளிகளுக்கும் அங்கயே கவனிப்பு. முதல்ல மாட்டு வண்டி, அப்புறம் ஒரு சிலிண்டர் பியூஜோ கார். காரைப் பார்த்து ஜனங்க முதல்ல பயந்து ஓடினாங்களாம். ஓடினவங்க திரும்பி வந்ததுக்குக் காரணம் காரோ மருந்தோ மட்டும் இல்லைன்னு நான் நினைக்கிறேன். போன வாரம் வந்தவங்க இந்த வாரமும் வந்தாங்க. வர்ற நாள் தெரிஞ்சாதான் ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிட்டு வந்து மரத்தடியில காத்திருக்க முடியும்.

ஒரு டாக்டர் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? 1909-ல நர்சிங் பள்ளி. 1918-ல பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூணு பேர் விண்ணப்பிச்சாலே பெருசுன்னு அப்போ சந்தேகப்பட்டாங்க. வந்தது 151 விண்ணப்பம். முதல் பேட்ச்ல கடைசித் தேர்வு எழுதின 14 பெண்களும் பாஸ். திண்டிவனத்துல மூடின கதவுக்கு உண்மையான பதில் இதுதான். அந்த அறைக்குள்ள போகக்கூடிய பெண்களை இங்கயே உருவாக்கினது.

இப்போ நீங்க கமெண்ட்ல கேக்கப்போற கேள்வி. மதம் பரப்ப வந்த மிஷன் அனுப்பினவங்கதானே? ஆமா. அதை மறைக்க வேண்டியதில்ல, கேள்வியும் நியாயம்தான். நான் கவனிக்கறது வேற ஒண்ணு. அந்த ராத்திரி கடவுள் கூப்பிட்டார்னு ஐடா நம்பினாங்க. ஆனா நம்பிக்கை மட்டும் சிக்கலான பிரசவத்தைப் பார்த்துடாது. அதுக்குக் கல்லூரி போய் வருஷக்கணக்கா உக்காந்து படிச்சாங்க. கருணை வந்தா உடனே களத்துல குதிக்கணும்னு நினைக்கிற நம்ம தலைமுறைக்கு இந்த இடைவெளி முக்கியம்.

ஐடா 1960-ல கொடைக்கானல்ல காலமானாங்க. வேலை நிக்கல. வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவுல இருக்கிற கே.வி.குப்பத்துல, 1977-ல சி.எம்.சி. 'ருஷா'ன்னு ஊரக சுகாதார மையத்தை ஆரம்பிச்சது. ஆஸ்பத்திரியோட நிக்காம ஊருக்குள்ள போறதுதான் அங்கயும் வேலை. அரசாங்கமும் இதையே பெரிய அளவுல செய்யுது. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்', சுகர், பிபி மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்துச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே கிராம சுகாதார நர்சுகள் இருக்காங்க. தமிழ்நாட்டுல புதன்கிழமைன்னா தடுப்பூசி நாள்னு ஊர்ல எந்த அம்மாவும் காலண்டர் பார்க்காம சொல்வாங்க.

புதுசா ஹெல்த் ஆப் கட்டறேன்னு எனக்கு மெசேஜ் பண்ற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல்ல ஒரு புதன்கிழமை, பக்கத்து துணை சுகாதார நிலையத்துல, நர்ஸ் அக்கா கிட்ட அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. யார் வந்தாங்கன்னு எண்ணிடலாம். யார் வரலைங்கிறதை அந்த அக்காவைத்தான் கேக்கணும். அவங்களுக்குத் தெரியும், எந்தத் தெரு, எந்த வீடுன்னு. அடுத்த வாரம் சந்திப்போம்.