பழைய பலகையில் தீப்பெட்டிப் படம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பேச வந்த விஷயம் சின்னது. பழைய விடுதியை இடித்தபோது கழற்றிய மரமெல்லாம் மெஸ்ஸுக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கிறது. விறகுக்கு ஏலம் விடப்போவதாகப் பேச்சு. அதில் பரண் பலகைகளை மாணவர்கள் படம் வரையக் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுந்தேன்.

ஏன் பரண் பலகை? அதற்கு யாரும் பெயிண்ட் அடித்ததில்லை. கதவு, ஜன்னல் அப்படியல்ல. அந்தக் கால ஆயில் பெயிண்டில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் காரீயம் சேர்ப்பார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது தூசியாகி மூச்சில் போகும். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும் சரக்கு. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கதவுகள் யார் வீட்டு அடுப்புக்கும் போகக் கூடாது. கெமிஸ்ட்ரி படித்தவன் வேறெப்படிப் பேசுவேன், சொல்லுங்கள்!

சரி, பலகைக்கு வருவோம். தட்டிப் பாருங்கள். மாவு கொட்டினால் உளுத்தது, ஒதுக்கிவிடுங்கள். ஆணிகளைக் குறடால் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காய விடுங்கள். தேக்காக இருந்தால் எண்ணெய்ப் பசை இருக்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால்தான் வர்ணம் பிடிக்கும். ஆணி ஓட்டையை மக்கு வைத்து அடைக்காதீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.

என்ன படம்? கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைந்த மாதிரி காலண்டர் சாமிப்படம் முதல் முயற்சியில் கைக்கு எட்டாது. அந்த நிழலும் ஒளியும் பல வருஷப் பழக்கம். தீப்பெட்டி லேபிள் பாணியில் தொடங்குங்கள். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. லேபிள் அச்சடிக்கும் வேலையும் கூடவே வளர்ந்தது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அச்சிட வேண்டியிருந்ததால், மூன்று நான்கு நிறத்தில் காரியத்தை முடித்தார்கள். நடுவில் ஒரே ஒரு உருவம், சுற்றிலும் தடித்த கோடு, ஒரு பார்டர். தூரத்திலிருந்தே கிளி கிளியாகத் தெரியும். கம்பெனி முத்திரையை அப்படியே காப்பியடிக்காதீர்கள். அமைப்பைக் கற்றுக்கொண்டு, நம் கல்லூரி வாசல் வேப்பமரத்தையோ மெஸ் மணியையோ நடுவில் வையுங்கள்.

சின்னத் தாளில் அரை சென்டிமீட்டர் கட்டம் போட்டு வரைந்து, பெரிய தாளில் ஐந்து சென்டிமீட்டர் கட்டத்துக்குப் பெரிதாக்குங்கள். போர்டு எழுதுகிறவர்களின் பழைய வழி இது. தாளின் பின்பக்கம் சாக்பீஸைத் தேய்த்து, பலகைமேல் வைத்துப் பென்சிலால் கோட்டின் மேலேயே ஓட்டினால் படம் இறங்கிவிடும். அக்ரிலிக் வர்ணத்தை மெல்லிசாகப் பூசுங்கள், மர ரேகை உள்ளிருந்து தெரிய வேண்டும். பச்சை வெள்ளை வேண்டாம். துளி மஞ்சள் காவி கலந்தால் பழைய தாளின் நிறம் வந்துவிடும்.

வரைந்து முடித்தபின் பழசாகக் காட்டுவதற்கென்று ஓரத்தைச் சுரண்டுகிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்காது. பலகைக்கு ஏற்கெனவே வயசாகிவிட்டது. நாம் வேறு வேஷம் போட வேண்டுமா?

செயலாளர் அவர்களே, ஏலத்துக்கு முன் இருபது பரண் பலகைகளை எடுத்து வையுங்கள். வர்ணமும் பிரஷும் என் செலவு.