அளக்கும் கருவியை அளத்தல்



துணிக்கடை முழக்கோலில் விரற்கடை குறைந்தால் துணிதான் குறையும். எஞ்சின் பட்டறையில் மயிரிழை பிழைத்தாலோ எஞ்சினே பாழாகும். சிறிய மோட்டார் சைக்கிள்களில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடும் இடைவெளி பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகளே. அது குறைந்தால் பிஸ்டன் சூட்டில் விரிந்து இறுகிவிடும்; மிகுந்தால் எண்ணெய் எரிந்து புகை கக்கும்.

என்னிடம் பயின்று, இன்று சிறு பட்டறை நடத்தும் மாணவர் ஒருவர், "ஐயா, விலை மலிந்த கருவியை நம்பலாமா?" என்று வினவினார். அவருக்குக் கூறிய விடையையே உங்கள் முன் வைக்கின்றேன்.

நுணுக்கமாகக் காட்டுவது வேறு. சரியாகக் காட்டுவது வேறு. எண்முகப்புடைய வெர்னியர் அளவி 0.01 மில்லிமீட்டரைக் காட்டலாம். ஆயினும் நல்ல கருவியிலேயே 0.02 வரை பிழை அனுமதிக்கப்படுகின்றது. காண வேண்டிய இடைவெளியே 0.04 என்றால் அதன் தீர்ப்பை எங்ஙனம் ஏற்பது? அங்கே திருகு அளவியே வேண்டும்.

அதற்கும் மூன்று சோதனைகள் உண்டு. முகங்களைத் துடைத்து மூடினால் சுழி காட்டுகிறதா? ஒரே பொருளை ஒரே இடத்தில் பத்து முறை அளந்தால் ஒரே விடை வருகிறதா? அளவு தெரிந்த பொருளை அளந்தால் அந்த அளவு வருகிறதா? சுழிப்பிழையைத் திருத்திக்கொள்ளலாம்; முறைக்கு முறை மாறும் கருவியை விலக்குதலே நன்று.

மூன்றாம் சோதனைக்கு அளவுக்கட்டைகள் சிறந்தவை. அவை இல்லையேல், நம்பத்தக்க கடையில் வாங்கிய 6203 எண்ணுள்ள புதிய பேரிங் உதவும். அதன் வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர். அதற்கு மேற்படாது, 0.011-க்கு மேல் குறையவும் கூடாது என்பது விதி.

வெப்பத்தையும் மறத்தலாகாது. நீள அளவைக்குரிய வெப்பநிலை 20 பாகை என 1931-இல் உலக அளவில் வகுக்கப்பட்டது. அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆகவே கருவியையும் பொருளையும் நிழலில் ஒருங்கே வைத்து, இரண்டும் ஒரே சூட்டை அடைந்தபின் அளத்தல் வேண்டும்.

பிழையான அளவு, தேவையற்ற துளைப்பு வேலைக்கு ஓர் ஏழையின் பணத்தைக் கரைக்கும். சோதியாத விலையுயர்ந்த கருவியினும், சோதித்துப் பிழை குறித்துவைத்த மலிவான கருவியே மேல். பிறர் பொருளைத் தொடும் கை, முதலில் தன் கருவியை ஐயுறட்டும்.