உணர்ச்சிக்கு உரிய இலக்கணம்: தமிழிலும் ஸ்பானியத்திலும்

(பத்தாமாண்டு நிறைவு விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



இலக்கணம் கவிஞனுக்கு விலங்கா, துணையா என்னும் வழக்கு எல்லா இலக்கிய வட்டங்களிலும் உண்டு; தியாகதுருகத்திலும் உண்டு. மரபுக் கவிஞர் யாப்பின் பக்கம் நிற்பார். புதுக்கவிஞர் உணர்ச்சியின் பக்கம் நிற்பார். ஆயினும் இலக்கணம் வேறு, உணர்ச்சி வேறு என்பதில் இருவரும் ஒன்றுபட்டு விடுகின்றனர். அந்த ஒற்றுமையே ஐயத்திற்குரியது. அயல்மொழி ஒன்றைக் கற்கப் புகுவோர்க்கு இது விரைவில் புலப்படும். வணக்கம் சொல்லவும் விலை கேட்கவும் சில வாரங்களில் கற்றுவிடலாம். 'அஞ்சுகிறேன்', 'மகிழ்கிறேன்' என்று பிழையின்றிச் சொல்லுமிடத்தில்தான் நாத் தடுமாறும்.

ஸ்பானியத்தை எடுத்துக்கொள்வோம். நெருதாவும் லோர்காவும் மார்க்வெஸும் எழுதிய மொழி அது. ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழி. நம் கவிஞர்கள் அவர்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்த தமிழில் படித்தவர்கள். இடையில் நின்ற ஆங்கிலம் எதனைக் கொடுத்தது, எதனை வைத்துக்கொண்டது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு மலரைக் கண்டு மனம் நிறைந்த ஸ்பானியர் 'மே குஸ்தா' என்பார். 'மே' என்பது 'எனக்கு'. மலர்கள் பலவாயின் 'மே குஸ்தான்' என்று வினை பன்மையாகும். அங்கே எழுவாய் மலர். மனிதன் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். ஆங்கிலேயனோ 'ஐ லைக்' என்று தன்னையே எழுவாயாக முன் நிறுத்துவான். தமிழன் 'எனக்கு இந்த மலரைப் பிடிக்கும்' என்பான். மனிதனுக்குக் 'கு' உருபு, மலருக்கு 'ஐ' உருபு. இத்தொடரில் எழுவாயே இல்லை. பிடித்தல் என்னும் நிகழ்ச்சி மட்டும் நிகழ்கிறது, அதனைச் செய்தவர் ஒருவரும் இலர்! மொழிநூலார் எத்துணை விளக்கம் கூறினும் வியப்பு அடங்காத தொடர் இது.

தமிழில் சினமும் அச்சமும் 'வருவன'. 'எனக்குக் கோபம் வந்தது' என்கிறோம். இவ்விடத்தில் ஸ்பானியம் வேறு வழியிற் செல்லும். 'தெங்கோ மியேதோ' என்றால் 'அச்சத்தை உடையேன்' என்பது பொருள். பசியையும் அம்மொழியார் இவ்வாறே உடைமையாக்குவர். அஞ்சினான், நாணினாள், வெகுண்டான் எனப் பழந்தமிழில் மனிதனே வினைமுதலாவதில்லையா என்று புலவர் ஒருவர் வினவலாம். உண்மை. இரண்டு வழியும் தமிழுக்கு உண்டு. 'அஞ்சினான்' என்பதற்கும் 'அவனுக்கு அச்சம் வந்தது' என்பதற்கும் இடையே உள்ள தொலைவை அறிந்து ஆள்வது கவிஞன் கடன். இக்காலத்தில் மூன்றாவது வழியொன்று புகுந்துள்ளது: 'நான் சோகமாக உணர்கிறேன்'. இது இவ்விரண்டையும் சாராதது, ஆங்கிலத்தின் நேர்ப்படி. வீட்டில் எவரும் இவ்வாறு பேசுவதில்லை. 'மனசே சரியில்லை' என்றுதான் சொல்கின்றனர். கவிதைத் தொகுதிகளில் மட்டும் இது பெருகி வருகிறது.

'தே கியேரோ' என்னும் ஸ்பானியத் தொடரையும் காணலாம். இதன் வினைக்கு 'வேண்டுதல்', 'அன்பு கொள்ளுதல்' என இரு பொருளும் உண்டு. நெருதா 1924இல் வெளியிட்ட இருபது காதல் கவிதைகள் அடங்கிய நூலில் இவ்வினை பயின்று வருகிறது. ஆங்கிலத்தார் 'லவ்' என்று ஒரு பொருளை எடுத்தனர், மற்றது நழுவியது. ஆங்கிலத்தைப் பார்த்த தமிழரும் 'நேசிக்கிறேன்' என்று எழுதினர். ஆனால் 'இவர் நமக்கு வேண்டியவர்' என்று நாள்தோறும் சொல்பவர்கள் தமிழர்கள். வேண்டியவர் என்றால் அன்புக்குரியவர், பகைவர் வேண்டாதவர். இரு பொருளும் ஒரே சொல்லில் இங்கேயே இருக்க, தொலைவில் தேடியது ஏன்?

இனி ஸ்பானியம் கற்போரை மிகவும் வருத்தும் பகுதி. அம்மொழியில் வினைச்சொல்லுக்கு இரு கோலங்கள் உண்டு. உள்ளதை உள்ளவாறு கூறுவது ஒன்று. விருப்பம், ஐயம், அச்சம், மகிழ்ச்சி இவற்றின் நிழலில் நின்று கூறுவது மற்றொன்று. 'நீ வருகிறாய் என அறிவேன்' என்பதற்குச் 'சே கே வியேனெஸ்'. 'நீ வருவதில் எனக்கு மகிழ்ச்சி' என்பதற்கு 'மே அலெக்ரோ தே கே வெங்காஸ்'. வருகை ஒன்றே; 'வியேனெஸ்', 'வெங்காஸ்' ஆகிவிட்டது. நெஞ்சம் தொட்டதும் வினை திரிகிறது. திரியாவிடில் பிழை.

தமிழில் இதற்கு நிகர் உண்டா? இதே வடிவில் இல்லை. ஆனால் 13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்னும் ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மயங்கினால் அது பிழையன்று என்று விதி செய்திருக்கிறார். தியாகதுருகம் பேருந்து நிலையத்தில், கல்லூரிக்குச் செல்லும் மகளைத் தாய் 'பார்த்துப் போடா ராஜா' என வழியனுப்புகிறாள். பெண்பால் ஆண்பாலாயிற்று, உவப்பினால் வந்த வழுவமைதி. குடித்துக் கிடக்கும் கணவனை அவளே 'அது எங்கே விழுந்து கிடக்குதோ' என்பாள். உயர்திணை அஃறிணையாயிற்று, இழிப்பு. உண்டு முடியாதவன் வாயிலில் நிற்கும் நண்பனுக்கு 'இதோ வந்துவிட்டேன்' என்பதும் விரைவு பற்றிய கால வழுவமைதியே. ஸ்பானியத்தில் உணர்ச்சி வந்தால் வினை திரிந்தே ஆக வேண்டும். தமிழிலோ திரிதல் கட்டாயமன்று, அமைதி. தாய் 'பார்த்துப் போம்மா' என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்பதில் இருக்கிறது கவிதை.

மெய்ப்பாட்டியலை இங்கு விரித்தல் வேண்டா. அறியாதார் இவ்வவையில் இலர். அழுகை ஒன்றிற்கே இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் வகுத்த தொல்காப்பியர், நம் காலத்துத் 'துயரம்' என்னும் பொத்தாம் பொதுச் சொல்லைக் கண்டால் எந்தத் துயரம் என்று கேட்டிருப்பார். அவ்வளவே.

விருப்பத்தைச் சொல்லும் ஸ்பானியச் சொல் ஒன்று உண்டு: 'ஓஹலா'. ஸ்பெயினில் அரபியர் ஆட்சி நிலவிய காலத்தின் எச்சம். இறைவன் அருளினால் என்னும் கருத்துடைய அரபுத் தொடரிலிருந்து பிறந்தது. 'ஓஹலா யுவேவா' என்றால் மழை பெய்ய வேண்டுமே என்னும் ஏக்கம். தமிழிலும் இதற்கென ஓர் இடைச்சொல் இருந்தது. 'தில்' என்பது அது. விழைவு, காலம், ஒழியிசை என்னும் மூன்று பொருளில் வருமெனத் தொல்காப்பியம் கூறும். சங்கப் பாட்டில் வாழ்ந்த அச்சொல் இன்று வழக்கில் இல்லை. ஆங்கிலம் வழி வரும் மொழிபெயர்ப்பாளர் 'மழை பெய்யும் என நம்புகிறேன்' என்று எழுதுவார். நம்பிக்கை வேறு, ஏக்கம் வேறு. வியங்கோளில் 'மழை பெய்க' எனலாம், அது வாழ்த்தாகிவிடும்.

தில் மறைந்தபின் அவ்விடம் வெறுமையாய்க் கிடக்கிறதா என்றால், இல்லை. கல்வராயன் மலைமேல் மேகம் திரள்வதும் கலைவதுமாக இருக்கும் நாளில், கோமுகியில் நீர் வரக் காத்திருக்கும் உழவர் வரப்பில் நின்று வானத்தைப் பார்ப்பார். 'கூடாது' என்னும் விலக்கும் சொல்லை எடுத்து, அதன் ஈற்றில் வினாவின் ஆகாரத்தைச் சேர்த்து, விருப்பமாக்கி, "கொஞ்சம் பெய்யக் கூடாதா?" என்பார்.